முள் உண்டு, நார் இல்லை

மூக்கையூரை விட்டு வந்து மூன்றாம் நாள்.
ஐஸ் பெட்டியில் பாதி வெறும் ஐஸ்.
டிரைவர் கஸ்பார் யாரோடும் பேசவில்லை.
பாடு இல்லாத கோபம் என்றான் லிகோரி.
இல்லை.
உள்ளே போன கணக்கு சமையல்காரனுக்குத் தெரியும்.
வெளியே வராத கணக்கும்.

பின்பக்கம் இரண்டு பலகை,
பிடித்துக்கொள்ள ஒரு கயிறு,
வள்ளத்தில் கக்கூஸ் அவ்வளவுதான்.
விடியுமுன் போய்க் குந்துவார்.
ஒரு பீடி முடியும். இன்னொன்றும் முடியும்.
கயிற்றை விட்டுவிட்டு வருவார்
வெறும் வலை இழுத்தவர் முகத்தோடு.

நான் ஏழு வருஷம் சாயல்குடி முக்கில் பரோட்டா மாஸ்டர்.
மைதாவை வீசி விசிறி மடித்த கை.
கடலுக்கு வந்தும் என்னத்தைப் போட்டேன்?
வெள்ளைச்சோறு, சீலாக் குழம்பு.
வெள்ளைச்சோறு, நண்டு ரசம்.
நடுவில் டீ, பொறை, மறுபடி டீ.
கடல் எல்லாம் கொடுக்கும் என்கிறார்கள்.
மீனில் முள் உண்டு,
நார் இல்லை.

போன மாதம் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.
அந்த ஊரின் பேரே சிக்கல்.
"சிக்கல் ரெண்டா?" என்று கண்டக்டர் கேட்க
கஸ்பார் என்னைத்தான் முறைத்தார்.
டாக்டர் ஷிஃபானா சின்ன வயசு.
வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"மாத்திரை நாலு நாளைக்கு.
நார்ச்சத்து ஆயுசுக்கு.
தண்ணி குடிக்காம நாரை மட்டும் தின்னா
உள்ள முடிச்சுதான் விழும்."
திரும்பும் வழியெல்லாம் சிரித்தார் கஸ்பார்.
"நாராம்ல!
பொறந்ததுலேருந்து கயிறு இழுக்கிறவன்கிட்ட."

பூவோடு சேர்ந்தால் நாரும் மணக்குமாம்.
எங்கள் நாருக்குப் பூ வாய்க்கவில்லை.
சோற்றோடு சேர்த்தேன்.
இந்த முறை அரிசிச் சாக்குக்கு அடியில்
குதிரைவாலி ஆறு கிலோ,
தட்டைப்பயறு, கொத்தவரங்காய்,
மார்கழிக் கடைசி என்பதால்
அவித்த பனங்கிழங்கு இரண்டு கட்டு.
முதல் நாள் அரிசியில் ஒரு கை கலந்தேன்.
மறுநாள் இரண்டு கை.
"கோழித்தீவனமாய்யா?" என்றான் லிகோரி.
கஸ்பார் குழம்பை மட்டும் குடித்துவிட்டு
தட்டைக் கடலில் கழுவினார்.

மூன்றாம் ராத்திரி வலை பாரில் மாட்டியது.
இழுத்து ஏற்றினால்
வலையா, தலைவிரித்த பேயா, தெரியவில்லை.
டார்ச்சைப் பல்லில் கடித்து
ஐந்து பேரும் சிக்கெடுக்க உட்கார்ந்தோம்.
தூக்கம் வராமல் இருக்கட்டும் என்று
ஆளுக்கொரு கிழங்கு நீட்டினேன்.

உரித்தார். ஒடித்தார்.
நடு நரம்பை உருவிப் போட்டார்.
கண் முடிச்சில், வாய் கிழங்கில்.
எத்தனை தின்றோம் என்று அவருக்கே தெரியாது.
நான் எண்ணினேன்: பதினொன்று.
மடியில் ஒரு பக்கம் நைலான் நூல்,
மறுபக்கம் பனை நார்.
நீல டிரம்மில் தண்ணீர் கால்வாசிதான்.
என் பங்கையும் அவர் சொம்பில் ஊற்றினேன்.
கவனிக்காமல் குடித்தார்.

கடைசி முடிச்சு அவிழ்ந்தபோது
கிழக்கே லேசாகச் சாம்பல் நிறம்.
கஸ்பார் சட்டென்று எழுந்தார்.
பீடிக்கட்டைக்கூட எடுக்காமல் பின்பக்கம் போனார்.

நாங்கள் நாலு பேரும் முன்னணியத்தைப் பார்த்துத் திரும்பினோம்.
யாரும் யாரையும் திருப்பவில்லை.
அங்கே ஒன்றுமில்லை, தண்ணீர்தான்.
அதையே
திமிங்கிலம் வரப்போகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாளி முங்கும் சத்தம்.
இரண்டாம் வாளி.
பிறகு ஒரு சீட்டி, ராகம் சரியில்லை.
வந்து, கையைத் துண்டில் துடைத்தபடி
எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்து
என்னிடம் கேட்டார்:
"அந்தக் கிழங்கு
இன்னும் கெடக்கா?"

அன்றைக்கும் பாடு சுமார்தான்.
டீசல் காசுக்குத் தேறியது.
மத்தியானம் குதிரைவாலி பாதிக்குப் பாதி.
"கோழித்தீவனம்" என்று சொல்லிக்கொண்டே
லிகோரி
இரண்டாம் தடவை தட்டை நீட்டினான்.