தேறியது

ஏப்ரல். பிஷ்கெக்கில் இன்னும் மொட்டை மரங்கள்.
நாரின் பக்கத்துக் கணவாயிலிருந்து
ஜோல்டோஷ் அனுப்பிய காகித உறையில்
ஒரு பிடி உலர்ந்த எச்சம்,
அதில் மலையாட்டின் மயிர், குளம்பின் துணுக்கு.
உறைமேல் பென்சிலில்:
'பனிச்சிறுத்தைதானே, அய்பிகே?'

இடித்தேன். கரைத்தேன்.
ஐம்பத்தாறு டிகிரியில் இரவெல்லாம் ஊறவைத்தேன்.
இருமுறை கழுவியபின்
ஐம்பது மைக்ரோலிட்டர் விட்டேன்,
நாற்பத்தாறு இறங்கியது.
மீதி நாலை வடிகட்டி வைத்துக்கொண்டது.
எப்போதும் வைத்துக்கொள்ளும்.

ஒரு சொட்டை ஒளியில் பிடித்துப் பார்த்த கருவி
முப்பத்தெட்டு என்றது.
முப்பத்தெட்டை நாற்பத்தாறால் பெருக்கி
ஆயிரத்து எழுநூற்று நாற்பத்தெட்டு என்று எழுதி
அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிட்டேன்.
சாணத்திலிருந்து இவ்வளவா?
தேநீர் கலக்கப் போனவள் பாதியில் திரும்பினேன்.

வரைபடத்தின் இடது ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது.
உப்பு. கழுவியும் போகாத உப்பு.
வெளிச்சத்தை மறைத்ததையெல்லாம்
டி.என்.ஏ. என்று எண்ணியிருக்கிறது அசட்டுக் கருவி,
நானும்தான்.

இன்னொரு சொட்டு. இம்முறை சாயம் கலந்து:
இரட்டை இழையைப் பற்றினால் மட்டும் ஒளிரும் சாயம்.
இரண்டு புள்ளி ஒன்று.
நாற்பத்தாறால் பெருக்கினால் தொண்ணூற்றாறு புள்ளி ஆறு.
அளந்த கூலிக்கு இரண்டு சொட்டு போக
கையில் நிற்பது தொண்ணூற்றிரண்டு புள்ளி நான்கு
நானோகிராம்.
இரட்டைக் கோட்டை அழிக்கவில்லை,
குறுக்கே ஒன்று இழுத்தேன்.

மாலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி
ஜோல்டோஷ் கூப்பிட்டான்.
'எவ்வளவு தேறியது?'
சொன்னேன்.
'அதில் அது முழுசாக இருக்குமா?'
'பெரும்பாலும் பாக்டீரியா. பிறகு அது தின்ற ஆடு.
அதற்கும் பிறகு, இருந்தால், அது.'
'எத்தனை பங்கு?'
'இந்தக் கணக்கில் வராது.
நாளைக்கு ஐந்து மைக்ரோலிட்டர் செலவழித்தால்தான் தெரியும்.'
காற்று இரைந்தது. குதிரை கனைத்தது.
'நரியாக இருந்தால்
உடனே சொல்லாதே,' என்றான்,
'மே மாதம் வரை பொறு.
பையன்களுக்குச் சம்பளம் அதில்தான் நிற்கிறது.'
நான் எதுவும் சொல்லவில்லை.

டியூபின் மூடியில் எண், தேதி, 2.1.
உறைபெட்டி மைனஸ் இருபது.
அதைப் பொறுக்கிய இரவு
அங்கே மைனஸ் இருபத்தெட்டு என்று
உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறான்.