பன்னிரண்டு மணி, பதினொன்றுக்கு

பிர்னோவில், டிராம் பணிமனையின் பின்புறம்
மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த அறை.
ரேடியேட்டர் இருமுகிறது. வெளியே பிப்ரவரி.
வெள்ளைப் பலகைக்கு நான்கு பேனா இருந்தும்
பச்சை மட்டும்தான் எழுதுகிறது.
ஆகையால் திட்டம் முழுக்கப் பச்சை.

இருபத்தொரு வயதாகிறது எங்கள் மின்னஞ்சல் செயலிக்கு.
யாருக்கும் சொந்தமில்லை, யாரும் பிரித்துப் பார்க்கலாம்;
பிரித்துப் பார்த்தவர்கள் பெரும்பாலும்
சத்தமில்லாமல் மூடி வைத்துவிட்டுப் போனார்கள்.
போன மாதம் தேடுபெட்டியில் ஒரு வரி திருத்தினோம்,
அச்சிடும் பொத்தான் செத்துப்போனது.
என்ன உறவோ அவற்றுக்குள்.

"தரைமட்டமாக்கிவிட்டுக் கட்டுவோம்" என்கிறாள் வெந்துலா.
பலகையில் அவள் போடும் சதுரங்கள் சாய்வதே இல்லை.
"குடியிருப்பவர்களை?"
என்று கேட்கிறார் ஹீனெக், தேநீர்ப் பையைப் பிழிந்தபடி.

குடியிருப்பவர்களின் புகார்களைப் படிப்பது என் வேலை.
யெசெனிக் மலையில் ஒரு கால்நடை மருத்துவருக்கு
நாளுக்கு ஒரு மணி நேரம்தான் இணையம் எட்டும்;
எல்லாவற்றையும் இறக்கிவைத்துக்கொண்டு
மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பதில் எழுதுவார்.
ஸ்னோய்மோவில் ஒரு நோட்டரி எதையும் அழித்ததில்லை.
இன்னொருவர் கேட்பதெல்லாம் இதுதான்:
கடிதம் வந்தால் அடிக்கும் 'டிங்' மட்டும் மாறக் கூடாது,
அதைக் கேட்டால்தான் அவருடைய நாய் எழுந்து
அவரை நடைக்கு இழுத்துப் போகும்.
வெந்துலா அதையும் குறித்தாள்.
பச்சையில், ஒரே சொல்: நாய்.

மாதிரிக்குப் புது இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க
ஹீனெக்கின் அஞ்சல் கிடங்கை வாங்கிக்கொண்டோம்,
எங்களில் அதிகம் சேர்த்துவைத்தவர் அவர்.
பழைய செயலி எண்ணியது: இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து முந்நூற்றாறு.
புதியது எண்ணியது: முந்நூற்றேழு.

ஒன்று. ஒரே ஒன்று.
தன் நிரலில்தான் பிழை என்று வெந்துலா
காலை ஒன்பதிலிருந்து நகம் கடித்தாள்.
பிழை அவளுடையதல்ல.
சர்வர் மறுத்த கடிதத்தைப் பழைய செயலி
அனுப்பியதாகவும் காட்டாது, தவறியதாகவும் சொல்லாது.
அவுட்பாக்ஸின் அடியில் தள்ளி
மேலே வெறுமையை விரித்துவிடும்.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய அக்டோபர்.
இரவு ஒன்று நாற்பது.
பெறுநர்: அன்றைக்கு இருந்த நாங்கள் எல்லோரும்.
*நாளையிலிருந்து என்னால் முடியாது. சாவிகளை
யாராவது வாங்கிக்கொள்ளுங்கள். மன்னிக்கவும்.* ஹீனெக்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார்.
"ஒருத்தரும் பதில் போடவில்லையே என்று இருந்தது" என்றார்.
"சரி, எல்லோருக்கும் வேலை இருக்கும்,
ஒரு வாரம் பார்ப்போம் என்று நினைத்தேன்."

அந்த ஒரு வாரத்தில்
நாலாயிரம் திருத்தங்கள் செய்திருக்கிறார்.
வைரஸ் துளை இரண்டு அடைத்திருக்கிறார்.
என்னைச் சேர்த்துக்கொண்டதும் அந்த வாரத்தில்தான்.

மேட்டிலிருந்து பேராலயம்
பன்னிரண்டுக்கான மணியை அடித்தது. மணி பதினொன்று.
இந்த ஊரில் தினமும் அப்படித்தான்:
நடுப்பகலுக்குள் ஊர் விழாவிட்டால் முற்றுகையை விடுவோம்
என்றார்களாம் ஸ்வீடன் படையினர்;
யாரோ ஒரு மணி நேரம் முன்னாலேயே அடித்துவிட,
கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு போனார்கள் என்று கதை.
பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொன்னது.
அறையில் அதை யாரும் எடுக்கவில்லை.

வெந்துலா பலகையில் 'நாய்'க்கு மேலே
இடம் பண்ணி, முதல் எண் போட்டு எழுதினாள்:
அனுப்ப முடியாவிட்டால் உடனே சொல்ல வேண்டும்.
எழுதி முடித்தும் பேனாவை எடுக்கவில்லை,
கடைசி எழுத்தின் மேல் மை ஊறிப் பரவியது.

"இதை என்ன செய்யட்டும்?" கர்சர்
அந்தக் கடிதத்தின் மேல் நிற்கிறது.
அனுப்பு, அழி, இரண்டு பொத்தானும் வேலை செய்கின்றன,
புதிய செயலியில் இதுவரை வேலை செய்வது அவை இரண்டே.

ஹீனெக் குனிந்து திரையைப் படித்தார்.
"இரண்டாவது வரியில் ஒரு எழுத்துப்பிழை" என்றார்.
"வரைவுகளில் போடு."

அந்தப் பெட்டி இன்னும் கட்டப்படவில்லை.
நான் குறித்துக்கொண்டேன்.