கையைக் காட்டுங்கோ

முதலில் வேர்க்குரு என்றுதான் நினைத்தோம்.
சித்திரை வெயில், தகரக் கூரை,
நாலு மாதப் பிள்ளை.
பவுடர் போட்டோம்.
வேப்பிலை அவித்த தண்ணியில் குளிப்பாட்டினோம்.
பிறகு, பாமசிக்காரன் பெயர் சொல்லாமல் தந்த
வெள்ளைப் பூச்சு.
இரண்டு நாள் அடங்கிக் கிடந்த பருக்கள்
மூன்றாம் நாள்
ஆள் கூட்டிக்கொண்டு வந்தன.

பகலில் சிரிப்பாள்.
இரவு பத்துக்குப் பிறகுதான் தொடங்கும்.
காலோடு கால் தேய்ப்பாள்,
என் தோளில் கன்னம் தேய்ப்பாள்.
சொறியத் தெரியாத வயது.
உடம்பு முழுக்கக் கடி,
இங்கே என்று தொட்டுக்காட்ட
ஒரு விரல்கூட இன்னும்
அவள் சொல் கேட்பதில்லை.

மெற்றில்டா அழுதாள்.
பால் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று
தான் தின்ற நண்டை, இறாலை, கணவாயை
ஒவ்வொன்றாய் நிறுத்தினாள்.
கடைசியில் சோறும் சொதியும்தான் மிச்சம்.
கடி நிற்கவில்லை.

பெரியாஸ்பத்திரி, தோல் கிளினிக்,
அறுபத்துமூன்றாம் துண்டு.
டொக்ரர் சின்னப் பெண்.
சட்டை கழற்றச் சொன்னா,
காலுறை கழற்றச் சொன்னா,
கக்கம் பார்த்தா, உள்ளங்கை பார்த்தா,
உள்ளங்காலில்
ஒரு கண்ணாடியை வைத்துக் கனநேரம் நின்றா.
அங்கே ஒரு கோடு,
பென்சிலால் இழுத்து அரைகுறையாய் அழித்த மாதிரி.

பிறகு பிள்ளையை விட்டுவிட்டு
என்னைப் பார்த்தா.
"அப்பா, உங்கட கையைக் காட்டுங்கோ."

நைலோன் நூல் அறுத்தது என்றேன்.
வலையில் நண்டு கழற்றுகிற கை என்றேன்.
உப்புத்தண்ணி, டொக்ரர், என்றேன்.
அவ விரல்களை விரித்தா.
இடுக்குகளில்
அதே கோடு, அதே கோடு, அதே கோடு.

ஒன்றரை மாதமாய்
அவளை நித்திரையாக்கியது இந்தக் கை.

"ஊத்தையால வாறதில்லை," என்றா,
முகத்தைப் பார்த்திருப்பா போல.
"தூக்கி வைச்சிருந்தால் வரும்."

வீட்டில் எட்டுப் பேர்.
எட்டுப் பேரும் ஒரே இரவில் பூசவேண்டும்,
கடித்தாலும் கடிக்காவிட்டாலும்.
பெரியவர்களுக்குக் கழுத்திலிருந்து கால் மட்டும்,
நக இடுக்கு, தொப்புள், சொல்லக் கூசுகிற இடம்,
பிள்ளைக்கு உச்சந்தலையும் முகமும் சேர்த்து
கண்ணையும் வாயையும் விட்டு.
விடிய முழுக்கு.
ஏழு நாள் கழித்து இன்னொரு தரம்.

மச்சான் பெனடிற்
சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தான்.
"எனக்கொரு கடியுமில்லை.
சொறியன் வீடெண்டு ஊருக்குச் சொல்லப்போறியளோ?"
ஒருவரும் பேசவில்லை.
அவனுடைய மகள், இரண்டாம் வகுப்பு,
மேசைக்குக் கீழே
மணிக்கட்டைச் சொறிகிற சத்தம் மட்டும்.

அன்றிரவு வீடு முழுக்க ஒரே மருந்து மணம்.
பிள்ளை கையைச் சூப்பாமலிருக்க
இரண்டு கைக்கும் காலுறை போட்டோம்.
சின்னக் குத்துச்சண்டைக்காரியாய்
எல்லோரையும் குத்திக்கொண்டு கிடந்தாள்.
ஒரு ரியூப் குறைந்தது.
விடிய, கிணற்றடியில்,
பெனடிற்றின் பனியனிலும் அதே மணம்.
நான் கேட்கவில்லை.

கொதிதண்ணியில் சீலைகள் அவிந்தன.
தலையணைகள் வெயிலில்.
கழுவ ஏலாத கரடிப்பொம்மையைப்
பொலித்தீனில் கட்டி ஒரு கிழமை மறியல் வைத்தோம்.

கடி உடனே போகவில்லை.
இரண்டு கிழமை, மூன்று கிழமை.
பூச்சி செத்தாலும்
தோல் உடனே மறக்காதாம்.
அதையும் முன்கூட்டியே சொல்லித்தான் விட்டிருந்தா,
இல்லாவிட்டால் மெற்றில்டா
மறுபடி பாமசிக்குப் போயிருப்பாள்.

நேற்று மண்டைதீவுப் பக்கம்
வலை இழுத்துக்கொண்டிருந்தோம்.
கையில் உப்பு எரியவில்லை,
அதைக்கூட இடையில்தான் கவனித்தேன்.
பின்னால் இஞ்சினடியில் டெஸ்மன்,
வீட்டில் கைக்குழந்தை,
ஒரு கைவிரல் இடுக்கை மற்றக் கையால்
உரசி உரசி இருந்தான்.

கையைக் காட்டு, என்றேன்.

"நூல் அறுத்தது" என்றான்.
இஞ்சின் பிடியை விடவில்லை.