பகலில் தூங்குகிறவன்

இரவு முழுக்கப் போறணை வாயில் நிற்பவன் நான்.
விடிய ஆறரைக்குக்
கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் திரும்பி
இருபத்தேழு இரும்புப் படி ஏறி
மொட்டைமாடி அறைக்குள் வந்து விழுந்தால்
ஒன்பது மணிக்குத் தகரம் எழுப்பிவிடும்.
மத்தியானம் கட்டில் சட்டம் சுடும்.
போத்தலில் வைத்த தண்ணீர் தேத்தண்ணிக்கு ஆயத்தமாகும்.
மின்விசிறி
சூட்டை எடுத்துச் சூட்டின்மேல் பூசும்.
இரவில் ஒரு போறணை, பகலில் ஒரு போறணை,
ஒன்றுக்குச் சம்பளம் உண்டு.

சீட்டு விழுந்த மாதம் ரிஸ்மியைக் கூப்பிட்டேன்.
மீன் லொறிப் பெட்டிகளுக்குள் நுரை அடிக்கிறவன்.
"ஐஸே உருகாம இருக்குது,
நீங்க ஏன் அண்ணே உருகுறீங்க?" என்றான்.

இரண்டு பீப்பாய், ஒரு நீளக் குழாய்,
முகமூடிக்குள் சுமுது என்ற பொடியன்.
துருவைச் சுரண்டித் துடைத்தார்கள்.
ஈரம் இருந்தால் பிடிக்காதாம்.
என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்த,
இடுக்கால் பார்த்தேன்.
தகரத்தில் பட்ட மஞ்சள் எச்சில்
ஒரு மூச்சு தயங்கியது,
பிறகு பொங்கியது.

எனக்குப் பொங்குவது தெரியும்.
பதினாறு வருஷம் மாப் பிசைந்த கை.
மாவுக்கு ஒன்றரை மணித்தியாலம் வேண்டும்,
ஈரத்துணி வேண்டும்,
மழைநாளில் கொஞ்சம் கெஞ்சவும் வேண்டும்.
இதுவோ பத்து எண்ணுவதற்குள்
முப்பது மடங்கு ஊதி
ஆணி ஓட்டை, வளை இடுக்கு, பல்லி போகும் வழி
எல்லாம் அடைத்துக்கொண்டு இறுகியது.
உப்புமில்லை, ஈஸ்டுமில்லை.
பொறாமையாகத்தான் இருந்தது.

அன்று பேக்கரியில் மாச் சாக்குகளின்மேல் தூங்கினேன்.
மறுநாள் சுமுது நீளக் கத்தியால்
பிதுங்கியதை அரிந்தான்,
நான் பாண் வெட்டும் அதே சாய்வு.
நெருப்பு வந்தால் கொஞ்சம் தாமதிக்க வைக்குமென்று
வெள்ளைப் பூச்சொன்று அடித்தான்.
மிஞ்சிய துண்டைக் கையில் தந்தான்.
ஒரு றாத்தல் பாண் அளவு,
பாரமோ முட்டைக் கோது.

அதன் பிறகு பகல் இரண்டு மணி
எனக்குத் தெரியாமலே கடந்துபோகத் தொடங்கியது.
மழையும் தெரியாமல் பெய்தது.
கொடியில் கிடந்த மூன்று சாரமும் நனைய
பக்கத்து மாடி டெல்ரீன் கத்தியிருக்கிறாள், கல்லும் எறிந்திருக்கிறாள்.
"செத்துப்போனீங்களோ எண்டு நினைச்சன்" என்றாள் பின்னேரம்.
ஓம், கிட்டத்தட்ட.

வீட்டுக்காரர் மத்தியாஸ்
தண்ணிக் காசுக்கு வந்தவர்
வாசலில் நின்று,
உள்ளே வந்து,
கதிரை கேட்டு இருந்து,
சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார்.
"நல்ல குளிர்மை.
தை தொடக்கம் நாலாயிரம் கூடப் போடுங்கோ தம்பி,
இது இப்ப வேற அறை."

ரிஸ்மிக்குப் போன் எடுத்தேன்.
நான் போனால் இதைக் கழற்றலாமா?
லொறி இரைச்சலுக்குள் சிரித்தான்.
"தகரத்தோட வரும் அண்ணே, தனியா வராது."

தகரம் அவருடையது.
அதில் ஒட்டியது என்னுடையது.
இடையில் கத்தி நுழைய இடமில்லை.
சீட்டுக்கு இன்னும் ஏழு மாதம் கட்ட இருக்கிறது.

மணி பத்தேகால்.
வெளியே ஒழுங்கைத் தார் இளகுகிற நேரம்.
நாலாயிரத்தை முப்பதால் பிரித்து
ஒரு பகல் தூக்கம் என்ன விலை என்று
கணக்குப் போடத் தொடங்கியவன்
பாதியில்
தூங்கிவிட்டேன்.