பக்கத்து வீட்டுப் பத்து

ஒசாகா பையர் அனுப்பிய சாம்பிள் பெட்டியில்
பனியன்களுக்கு அடியில் கிடந்தது:
வெள்ளையும் மெரூனுமாய் ஒரு கேம் மிஷின்,
ஒயரோடு இரண்டு ரிமோட், ஒரே ஒரு கேசட்.
யாருக்கென்று சீட்டு இல்லை.
கட்டிங் மாஸ்டர் என் அப்பா
கேட்டு வாங்கி வந்தார்.

நூறு வோல்ட்டில் ஓடுகிற சாமான்.
நம்மூர்ச் சுவரில் வருவது இருநூற்று முப்பது.
காதர்பேட்டையில் எழுபது ரூபாய்க்கு
டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்தார்கள்.
கலர் டிவியில் கலர் வரவில்லை.
சுடுகிற ஆட்டம் என்று சொல்லி
தம்பி குமரவேல் தெருவையே ஒட்டுக்கா கூட்டி வந்திருந்தான்.
வந்தது கணக்கு.

ஒரு தவளை. ஒரு ஆறு. கல்லுக்கு ஒரு எண்.
மேலே 42 − 17 என்றிருக்கும்.
சரியான கல்லில் தாவினால் அக்கரை,
தப்பினால் தொபுக்.
சுற்றிலும் ஜப்பான் எழுத்து, எறும்பு கலைந்த மாதிரி.
எண் மட்டும் நம் எண்.
தெரு எழுந்து போய்விட்டது.
நான் உட்கார்ந்திருந்தேன்.

திரையில் ஆறு சாம்பல்.
சந்துக்கு அப்பால் நொய்யல் அன்றைக்கு ரோஸ்,
எந்த நாட்டுக் குழந்தைக்கோ கப்பலேறுகிற ரோஸ்.

இரண்டில் ஏழு போகாது,
பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்பார் சாரதாமணி டீச்சர்.
நாலு மூன்றாகும், இரண்டு பன்னிரண்டாகும்.
கொடுத்த வீட்டில் குறைவது ஒன்று,
வாங்கின வீட்டுக்கு வருவது பத்து.
திருப்பிக் கேட்டு யாரும் வருவதில்லை.
பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அப்பா,
பீடி அணைந்தது தெரியாமல்.
கரண்ட் போனால் அத்தனையும் அழிந்துவிடும் என்றேன்.
"அத்தனையுமா?" என்றார்.

அர்த்தனாரியின் நோட்டுக்குக் கரண்ட் தேவையில்லை.

சனிக்கிழமை பொழுதோட மொபெட்டில் வந்தார்.
வாரவட்டி நூற்றிருபது. அப்பா கையில் எண்பது.
வெசனத்தோடு காப்பி ஆற்றினாள் அம்மா.
அவர் டிவியைப் பார்த்தார்.
"இதென்ன கண்ணு?"
ரிமோட்டைக் கையில் கொடுத்தேன்.

35 + 27, தாவினார்.
88 + 49, யோசிக்காமல் தாவினார்.
61 − 28.
தொபுக்.
53 − 9. தொபுக்.
கழிக்கிற பழக்கம் அந்தக் கைக்கு இல்லை.
ஏழு தவளை செத்து, காப்பியில் ஆடை படிந்தபோது சொன்னார்:
"இத நான் எடுத்துக்கறனுங்க மாஸ்டர்.
ரெண்டு வாரம் கழிச்சுக்கலாம்."
நோட்டை விரித்தார்.
புதிதாய் எழுதப் பழகுகிறவர் போல
மெதுவாக இழுத்தார், ஒரு சின்னக் கோடு.

தம்பி அழுதான்.
அம்மா அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டினாள்.
டிரான்ஸ்பார்மரைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.
அவர் கேட்கவில்லை.

மொபெட் சத்தம் முக்குத் திரும்பும் வரை
மனதுக்குள் போட்டுப் பார்த்தேன்.
இருநூற்று முப்பதில் நூறு போனால்:
பக்கத்து வீட்டுக்குப் போகவே வேண்டாத
கணக்கு அது.