பத்து மில்லிமீட்டர்

வாரத்தில் ஐந்து இரவு
கூலிம் தொழிற்சாலையில் நுண்ணோக்கிக்குள் கண்ணை நட்டு
மயிரிழையில் பாதி அகலக் கீறலைத் தேடுகிறவள் நான்.
எனக்குக் கொஞ்சம் அகலம் வேண்டியிருந்தது.
சுங்கைப் பட்டாணிக் கடையில் லியோங் கேட்டபோது
இதைச் சொல்லத் தெரியவில்லை.
"கல்யாணப் படம் எடுக்கவா?"
"இல்லை. சும்மா."
சும்மாவுக்கு மூவாயிரத்து நானூறு ரிங்கிட்,
உடலும் லென்சும் சேர்த்து.

வீட்டில் எண்ணூறு என்றேன்.
யாரோ வைத்திருந்தது என்றேன்.
குணாளன் வாங்கி, தேங்காய் பார்க்கிறவன்போல
காதருகே ஆட்டி, உள்ளங்கையில் எடை பார்த்து
திருப்பித் தந்தான். ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை, மாலை ஆறு, பாடாங் செராய்.
மழை விட்டுப் பத்து நிமிடம். தாரில் ஆவி.
செம்பனைக் குலை ஏற்றிய லாரி வளைவில் குலுங்கியதில்
உதிர்ந்த பழங்கள் சாலையெங்கும்
ஆரஞ்சாய் நசுங்கிக் கிடக்கின்றன.

முதல் படம், ஆலையின் புகைக்கூண்டு.
கண்ணுக்கு அது பனையுயரம்,
படத்தில் தீக்குச்சி.
அதற்கு முன்னால் நான் கூப்பிடாமலே வந்து நின்றவை
என் வலது செருப்பு, நான்கு மின்கம்பிகள்,
கோழிச்சோற்றுக் கடையின் பாதிப் பலகை,
சொறிந்துகொள்ளும் நாய்,
பிறகு வானம், வானம், இன்னும் வானம்.

இந்த லென்சின் குணம் அப்படி.
தூரத்தில் இருப்பதை இன்னும் தள்ளிவைக்கும்,
பக்கத்தில் நிற்பதைத் தலையில் தூக்கிவைத்து ஆடும்.
என் மாமியார் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஒரு முகம் வேண்டுமென்றால்
கை நீட்டினால் தொடும் தூரத்துக்குப் போக வேண்டும்.
ரஃபீகுல் சைக்கிளை நிறுத்தினான்,
தோளில் குலை வெட்டும் நீளக் கத்தி,
விரலாலேயே தலை வாரிக்கொண்டான்.
நான் ஒரு எட்டு வைத்தேன். போதவில்லை.
இன்னொன்று. அவன் மூச்சில் வெற்றிலை மணந்தது.
இந்த ஊரில் இத்தனை கிட்டத்தில்
நான் எந்த அந்நியனையும் பார்த்ததில்லை.
படத்தில் கத்தி ஒரு பாலம் அளவு,
பாலத்தின் கோடியில் சின்னதாய் ஒரு சிரிப்பு.
"லாகி சத்து, காக்," இன்னொன்று என்றான்,
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு.

கடைசியாகக் கடைவரிசை.
முதுகில் வெயில். என் நிழல் நீண்டு படத்துக்குள் விழுந்தது.
குனிந்தேன், கூடவே குனிந்தது.
ஒதுங்கினேன், ஒதுங்கியது.
சரி, இருந்துவிட்டுப் போ.

பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்து
திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கண்ணுக்கு வேறு வேலை தெரியாது, ஓரத்தில் கீறல் தேடியது.
இடது மூலையில், நாலு நம்பர் கடை வாசலில்,
சக்கரம் முட்டைபோல் இழுபட்டு ஒரு மோட்டார்.
4417.
கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட்,
விரிசலில் நான் ஒட்டிய பச்சை நாடா.
சனிக்கிழமைதோறும் டயர் பட்டறையில் ஓவர்டைம்.

தொழிற்சாலையில் என்றால் தனித்தட்டில் போட்டுவிடுவேன்.
இங்கே குப்பைத்தொட்டிப் படம் மின்னிக் கேட்டது:
அழிக்கவா?
கட்டைவிரல் அங்கேயே நின்றது.
மூலையில் அவன், கீழே நிழலாய் நான்.
நடுவில் மருந்துக்கடை, இரண்டு மைனாக்கள்,
மேகம் முழுவதையும் வைத்திருக்கும் ஒரு குழி.
கொழுந்தன் கல்யாணத்துக்குப் பிறகு
நாங்கள் சேர்ந்து விழுந்த முதல் படம்.

எட்டரைக்கு வந்தான். கை கால் கழுவினான்.
"ஓவர்டைம் எப்படி?"
"ம்."
சோற்றைப் பிசைந்தபடி மேசையில் கிடந்ததைப் பார்த்தான்.
"கேமரா?"
"எண்ணூறுக்குப் பரவாயில்லை."
"ஆமாம்," என்றான் குணாளன்,
"எண்ணூறுக்கு நல்ல கனம்."