தேய்ந்த இலக்கம்

டேஷ்போர்டில் திருகிய பித்தளைத் தகட்டில்
முதலில் ஓர் இரண்டு.
அடுத்த இலக்கம் இல்லை.
பிறகு இரண்டு சுழி.
எந்த ஜவானின் பெருவிரலோ
வாராவாரம் பாலீஷ் போட்டுத் தேய்த்து
எனக்கு மிச்சம் வைத்த கணக்கு:
இந்த இன்ஜின் நிமிடத்துக்கு
எத்தனை சுற்று தாங்கும்?

ராணுவ ஏலத்தில் எடுத்தது. ஆறு சக்கரமும் இழுக்கும்.
மேலே நீலம் அடித்தும்
மழை நனைத்தால் பச்சை தெரியும்.
பூப்பாறையில் கிராண்டிஸ் தடி ஏற்றி
போடியில் இறக்குகிறேன்.

பம்பு ரூம் ஔசேப்பு
‘இருபத்தெட்டு வரை போகும்,
ஸ்குரூ கொஞ்சம் திறந்து விடட்டே?’ என்றார்.
ஸ்பேர் கடையில் இருபத்தைந்து என்றார்கள்,
பில் போடாமல்.
செக்போஸ்ட்டில் பார்த்த பழைய ஹவில்தார்
‘மீட்டரா? நாங்கள் பார்த்ததே இல்லை.
உடைந்தால் வேறு வண்டி தருவார்கள்’ என்றார்.

எனக்கு யார் தருவார்கள்.
சொசைட்டியில் இன்னும் முப்பத்தொரு தவணை.

தூக்கம் வராத இரவில் பிஸ்டனை நினைப்பேன்.
ஒரு சுற்றில் இரண்டு முறை அது நிற்கிறது,
உச்சியில் ஒன்று, அடியில் ஒன்று.
ஓடுகிறது என்று நாம் சொல்வது
நின்று நின்று திரும்புவதைத்தான்.
இரண்டாயிரம் சுற்றென்றால் நாலாயிரம் திரும்பல்.
ஒவ்வொன்றுக்கும் கனெக்டிங் ராடு
கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும்.
வேகம் இரட்டித்தால் இழுப்பு நாலு மடங்கு.
ஐ.டி.ஐ-யில் நான் பாஸான ஒரே பேப்பர்.

ஏற்றத்தில் பயமில்லை.
எவ்வளவு மிதித்தாலும்
அளவுக்கு மேல் டீசல் தர மாட்டான் கவர்னர்,
கறாரான ரேஷன் கடைக்காரன்.

மெட்டு தாண்டினால் எல்லாம் இறக்கம்.

ஐப்பசி மழை. வளைவுக்கு வளைவு பனிமூட்டம்.
மூன்றாவது கியரில் இருந்தேன்,
இரண்டில் இருந்திருக்க வேண்டும்.
ஆக்சிலேட்டரில் கால் இல்லை.
ஒரு சொட்டு டீசல் உள்ளே போகவில்லை.
முள் ஏறுகிறது.
பத்தொன்பது.
இருபத்தொன்று.
எட்டு டன் தடியைப் பின்னால் வைத்து
மலை மிதித்துக்கொண்டிருந்தது.
மலைக்கு ஏது கவர்னர்?

இருபத்து மூன்றில் குரல் மாறியது.
அதுவரை இருமியது
ஒரே இழையாகக் கத்தத் தொடங்கியது,
ஆணியில் பட்ட ரம்பம் போல.
கிளி சுருளிவேல் கதவைத் திறந்து
ஒரு காலை மழைக்குள் வைத்துவிட்டான்.
கியருக்கு நீட்டிய கையை
நானே பிடுங்கிக்கொண்டேன்:
இப்போது இரண்டில் விழுந்தால்
தகட்டில் எந்த எண் இருந்தும் பயனில்லை.
பிரேக்கை ஒரே மிதி.
விடாமல். விடாமல்.
முள் பன்னிரண்டைத் தொட்டதும்
கிளட்ச், ஓர் உறுமல், மறுபடி கிளட்ச்,
இரண்டு.

முந்தல் வந்து ஓரங்கட்டி
அணைக்காமல் காது கொடுத்தேன்.
ஒரு வால்வு தட்டுகிறது.
நேற்றும் தட்டியதா? நேற்று நான் கேட்கவில்லை.

போடி ஃபேன்சி ஸ்டோரில் நகப்பூச்சு கேட்டேன்.
‘யாருக்குண்ணே, மாநிறமா சிவப்பா?’
‘மீட்டருக்கு.’
அந்தப் பெண் சிரிக்காமல்
சிவப்பே எடுத்துத் தந்தாள்.

கண்ணாடி மேல் இருபதில் கோடு போட்டேன்.
தகடு இருபத்தைந்து சொல்லியிருக்கலாம்,
ஔசேப்பு சொன்னதே சரியாகவும் இருக்கலாம்.
அது புது இன்ஜினுக்கு அடித்த எண்.

‘இறங்கும்போது எந்தக் கோடுண்ணே?’
சுருளிவேல் கேட்டான்.
அது மீட்டரில் இல்லை.
மெட்டில், டீக்கடைக்கு எதிர்க் கல்லில்
மிச்சப் பூச்சைத் தீட்டினோம்.
அந்தக் கல் வந்தால் இரண்டாவது கியர்,
வெயிலோ, மழையோ, காலி வண்டியோ.

அடுத்த வெள்ளிக்கிழமை
கல்லின் மேல் ஒரு செம்பருத்தி இருந்தது.
யார் வைத்தது என்று டீக்கடையில் தெரியவில்லை.
சுருளிவேல் என்னைப் பார்த்தான்.
இரண்டைப் போட்டேன்.